கூறு போடாத மீன்

ஒரு பெண் எனக்குச் சொன்ன பதிலில் முதல் வரியை மட்டும் எழுதிக்கொண்டு, மீதியை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அந்த ஒரு வரியைக் காட்டி ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி அவளுக்கு இழப்பீடு தர மாட்டேன் என்றது. அவள் ஒரு காலை இழந்திருந்தாள். அவள் சொன்னதன் முழுப் பொருளும் எனக்கு விளங்கியிருந்தது. விளங்கித்தான் அப்படிச் செய்தேன்.

புதுச்சேரியில் இன்சூரன்ஸ் துறையிலேயே முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு வேறொரு கம்பெனிக்காக விபத்து வழக்குகளை விசாரித்து அறிக்கை எழுதிக் கொடுத்து வந்தேன். எங்காவது லாரி கவிழ்ந்தால், மோதினால், கம்பெனியிலிருந்து போன் வரும். நான் போய் அடிபட்டவர்களைப் பார்த்து, வண்டியில் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், ஓட்டுநருக்கு லைசென்ஸ் இருந்ததா என்றெல்லாம் கேட்டு, எழுதி, கையெழுத்து வாங்கி வருவேன். அறிக்கை எப்படி இருந்தாலும் எனக்குக் கூலி ஒன்றுதான். ஆனால் கம்பெனிக்குச் சாதகமாக எழுதுகிறவர்களுக்கு அடுத்த போன் சீக்கிரம் வரும். அந்த வருடம் எனக்குப் போன் குறைந்துபோயிருந்தது. கம்பெனி அதிகாரி ஒருநாள் சிரித்துக்கொண்டே, "உங்க ரிப்போர்ட் எல்லாம் படிக்க நல்லா இருக்கு சார், எங்களுக்குத்தான் ஒண்ணும் உபயோகம் இல்ல" என்றார். பென்சன் வந்துகொண்டிருந்தது. பசியோ கடனோ எதுவும் இல்லை. வேலைக்கு ஆகாதவன் ஆகிவிட்டேனோ என்ற பயம் மட்டும் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கடலூர் துறைமுகத்தில் ஏலம் எடுத்த மீனை ஏற்றி வந்த மினி லாரி ஒன்று கடலூர் சாலையில் கவிழ்ந்தது. எதிரே முந்திக்கொண்டு வந்த பேருந்துக்கு வழிவிடப் போய், சாலையோரப் பள்ளத்தில் சாய்ந்துவிட்டது. பின்னால் மீன் கூடைகளோடு நான்கு பெண்கள் இருந்தார்கள். நான்கு பேரும் குருசுக்குப்பம், நான்கு பேரும் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் விற்பவர்கள். மூன்று பேர் சிராய்ப்போடு தப்பினார்கள். நாலாவது பெண்ணின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. அப்போது அவளுக்கு நாற்பது வயது இருக்கலாம். கணவர் இல்லை. ஒரு மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள்.

இங்கே சட்டத்தில் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருகிறவருக்கு அடிபட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று தப்பிக்கலாம். வண்டியில் இருக்கும் சரக்குக்குச் சொந்தக்காரர் தன் சரக்கோடு வந்து அடிபட்டால், கம்பெனி கொடுத்தே ஆக வேண்டும். ஆகவே நான் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்றே ஒன்று. ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டேன்.

"வண்டில உன் மீன் இருந்துச்சாம்மா?"

"இல்ல சார். அது அக்கா மீனு."

அவள் அதோடு நிறுத்தவில்லை. "கூறு போட்டாத்தான சார் எங்க மீனு? காசு நாலு பேரும்தான் போட்டோம். ஏலத்துல அக்கா மட்டும்தான் வாயத் தொறக்கும். மார்க்கெட்டுக்கு வந்து கூறு போட்டப்புறம்தான் இது என்னுது, இது உன்னுதுன்னு சொல்லுவோம். அதுக்கு முன்னாடி சொல்லக்கூடாது" என்றாள்.

அவள் அக்கா என்றது கூடப்பிறந்தவளை இல்லை. நான்கு பேரில் மூத்தவள், ஏலம் கேட்பவள். அந்த அக்காவிடம்தான் என் மனைவி வருடக்கணக்காக மீன் வாங்குகிறாள். காலையில் மார்க்கெட்டுக்கு நானும் பை தூக்கிக்கொண்டு கூடப் போயிருக்கிறேன். ஈரத் தரையில் சாக்கை விரித்து, கூடைகளைக் கவிழ்த்து, மீனை நான்கு கூறாகப் பிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். பிரித்து முடிக்கும்வரை ஒருத்தியும் ஒரு மீனைத் தொட்டு 'என்னுது' என்று சொல்ல மாட்டாள். சொன்னால் அவளுக்குக் கடைசிக் கூறு. நசுங்கியது, வால் அறுந்தது எல்லாம் அவள் தலையில். இதெல்லாம் எனக்குத் தெரியும்.

அவள் பேசப் பேச என் நோட்டுப் புத்தகத்தில் அவள் பேச்சிலேயே எழுதிக்கொண்டேன். அது என் பழக்கம். அப்புறம் தனித் தாளில், கையெழுத்து வாங்குவதற்கான வாக்குமூலத்தை நல்ல தமிழில் எழுதினேன். "மேற்படி வாகனத்தில் எனக்குச் சொந்தமான சரக்கு எதுவும் இல்லை. அதில் இருந்த மீன் வேறொருவருக்குச் சொந்தமானது" என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன். காசு போட்டது, கூறு போடுவது எதுவும் அந்தத் தாளில் இல்லை. வேகமாக ஒருமுறை வாசித்தேன். மருந்து மயக்கத்தில் இருந்த அவள் தலையை ஆட்டினாள். பேனாவைக் கொடுத்ததும், "கைநாட்டு வேணாம் சார், நான் கையெழுத்து போடுவேன்" என்று சொல்லி, இனிஷியலோடு, ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி எழுதினாள்.

"கம்பெனில குடுப்பாங்களா சார்?" என்று கேட்டாள்.

"பாத்து சொல்லுவாங்கம்மா" என்றேன்.

அறிக்கை கொடுத்த வாரத்திலேயே எனக்கு அடுத்த போன் வந்தது.

வழக்கு தீர்ப்பாயத்தில் மெதுவாக நகர்ந்தது. மூன்று வருடத்துக்கு மேல் நான் அதை நினைக்கவே இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். மார்க்கெட்டில் அந்த வரிசைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன். மனைவி கேட்டதற்கு, முழங்கால் வலி என்றேன்.

பிறகு ஒருநாள் கம்பெனி வக்கீலின் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். என்னைச் சாட்சியாகப் போட்டிருந்தார்கள். என் பெயரில் பிரமாண வாக்குமூலம் ஒன்று தட்டச்சு செய்து தயாராக இருந்தது. அதில் ஒரு பத்தி: மனுதாரர் சொன்னதை நான் முழுமையாக எழுதினேன், முழுமையாக வாசித்துக் காட்டினேன், அவர் புரிந்துகொண்டு கையெழுத்திட்டார். சத்தியம் செய்து அதன் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும்.

என் அப்பா பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் ஒரு நொத்தேர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். பத்திரம் எழுதிப் பதிவது அவர்கள் வேலை. எழுதியதைக் கட்சிக்காரருக்கு அவர் பேசுகிற மொழியில் கடைசி வரி வரைக்கும் வாசித்துக் காட்டாமல் அப்பா பேனாவை நீட்ட மாட்டாராம். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். சின்ன வயதில் எனக்கு அது அலுப்பாக இருக்கும். அன்றைக்கு வக்கீல் அறையில் அந்தப் பத்தியை மூன்று தடவை படித்தேன். கை பேனாவை எடுக்கவில்லை.

"இதுல நான் கையெழுத்து போட முடியாது சார்" என்றேன்.

"ஏன் சார், ஸ்பெல்லிங் ஏதாச்சும் தப்பா?"

"இல்ல. இது நடக்கல."

வக்கீல் நல்ல மனிதர்தான். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு கோப்பை மூடிவைத்து, "அப்ப நீங்க வரவே வேணாம். டாக்குமென்ட் இருக்கு, அது போதும். கம்பெனி ஆபீசரை வெச்சு சாட்சி ஆவணமா மார்க் பண்ணிக்கறேன். நீங்க வீட்டுல ரெஸ்ட் எடுங்க" என்றார். அதோடு, நான் கேட்காமலே இன்னொன்றும் சொன்னார். "அந்தம்மாவே கூண்டுல நின்னு, மீன் என்னுது இல்ல, அக்காவுதுன்னு சொல்லிட்டாங்க சார். நீங்க ஏன் மனசைப் போட்டுக் குழப்பிக்கறீங்க?"

கால் போய், கோர்ட்டுக்கு வந்து, எல்லாம் போகப்போகிறது என்ற நிலையிலும் அவள் கூறு போடாத மீனைத் தன்னுடையது என்று சொல்லவில்லை. ஏன் என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. நான் சும்மா இருந்துவிட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது. அவளுக்கு எல்லாம் முடிந்துவிடும்.

மறுநாள் காலையில் நோட்டுப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு குருசுக்குப்பம் போனேன். வாசலில் ஒரு பேசினை வைத்துக்கொண்டு அவள் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கூலிக்கு உரிப்பது. ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது. எதிரே அக்கா உட்கார்ந்து உரித்த தோலை வாளியில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னைத் தெரியுதாம்மா? ஆஸ்பத்திரிக்கு வந்து..."

"தெரியும் சார். கண்ணாடி மாத்திட்டீங்க."

நின்றுகொண்டே சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. நீங்கள் சொன்னதில் முதல் வரியை மட்டும்தான் எழுதினேன், மீதியை விட்டேன், அதனால்தான் கம்பெனி மறுக்கிறது என்றேன். அவள் இறாலிலிருந்து கையை எடுக்கவில்லை.

"என்னாடி சொல்றாரு இவரு?" என்றாள் அக்கா.

"நான் சொன்னதுல பாதிதான் எழுதினாராம்."

"ஏன், மீதிக்கு மை இல்லியா?"

நான் பையைத் திறந்து நோட்டுப் புத்தகத்தைத் தேடினேன்.

"கேக்குறேன் இல்ல? எங்கிட்ட மீனு வாங்கித் தின்னவன்தான நீ? சொக்கா வெள்ளையா போட்டுக்கினு வந்து நிக்கிற. மூணு வருசமா இவ இந்த எறா தோலோட கெடக்கிறா. அவ எடத்துல நாங்க பலகையப் போட்டு வெச்சிருக்கோம், எவளும் வந்து குந்தக்கூடாதுன்னு. மார்க்கெட்டுல தெனம் சண்ட. ஒன்னால."

"ஏன் சார் அப்பிடி செஞ்சீங்க?" என்று அவள் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை.

"வேலை குடுக்காம விட்டுடுவாங்களோன்னு பயம்."

"பென்சன் வருதில்ல உங்களுக்கு?"

"வருது."

ஒரு இறாலை உரித்துப் போட்டாள். "அப்ப பசிக்காகக்கூட செய்யல" என்றாள்.

என்னைப் பற்றி யாரும் அதைவிடச் சரியாகச் சொன்னதில்லை. சரிதான் என்றேன். அவள் பேசினைத் தள்ளி வைத்தாள்.

"இத எங்கிட்ட வந்து சொன்னா என்னா ஆவப்போவுது? ஜட்ஜிகிட்ட போயி சொல்லு" என்றாள். மரியாதை போய்விட்டிருந்தது.

"சொல்லத்தான் வந்தேன். ஆனா நானாப் போயி நிக்க முடியாது. உங்க வக்கீல் என்னைக் கூப்பிடணும்."

அக்கா சட்டென்று எழுந்தாள். "எந்திரிடி. இப்பவே போவோம் வக்கீலம்மாகிட்ட. இந்த ஆள விட்டா வீட்டுக்குப் போயி மனசு மாறிடும்."

ஆட்டோ பிடித்தார்கள். நடுவில் என்னை உட்கார வைத்து இரண்டு பக்கமும் அவர்கள் உட்கார்ந்தார்கள். இறாலை விட்டுவிட்டு வர முடியாது, பூனை வாய் வைத்துவிடும் என்று, பேசின் என் மடியில் வந்தது. தெருத் தெருவாக ஆட்டோ குலுங்க, வேட்டி முழுக்க இறால் தண்ணீர். இறங்கும்போது அக்கா என் வேட்டியைப் பார்த்துவிட்டு, "இப்பதான் சாரு மனுசன் மாரி இருக்காரு" என்றாள். முதல்முறையாக அந்தப் பெண் சிரித்ததைப் பார்த்தேன்.

அவளுடைய வக்கீல் முப்பது வயதுப் பெண். முதலில் வழக்கைப் பார்த்தவர் பாதியில் விட்டுவிட்டுப் போக, இவர் கைக்கு வந்த வழக்கு. நோட்டுப் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைப் படித்தார். தலையை நிமிர்த்தி அக்காவிடம், "இந்தக் கூறு கணக்கெல்லாம் ஏன் எங்கிட்ட யாரும் சொல்லல?" என்றார்.

"நீ கேக்கலியேம்மா. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான?" என்றாள் அக்கா.

எல்லாருக்கும் என்றால் அவளுக்குக் கடற்கரையில் இருக்கிறவர்கள். வக்கீலம்மா நெல் விளையும் ஊரிலிருந்து வந்தவர். "இவங்க பழைய வக்கீல், அக்காவைச் சாட்சியாக் கூப்பிட்டா மீன் என்னுதுன்னு சொல்லி காரியத்தக் கெடுத்துடுவாங்கன்னு பயந்து கூப்பிடாமலே விட்டிருக்கார்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, உடனே மனு எழுத உட்கார்ந்தார். என்னையும் அக்காவையும் சாட்சியாக விசாரிக்கத் தீர்ப்பாயம் அனுமதித்தது. கம்பெனி வக்கீல் எதிர்த்தும் பயனில்லை.

கூண்டில் ஏறினேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நோட்டுப் புத்தகத்தில் இருந்ததை அவள் பேச்சிலேயே வாசித்தேன். பிறகு கம்பெனி வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். அவர் தன் கடமையைச் செய்தார்.

"இந்த அறிக்கைக்குக் கூலி வாங்கினீர்களா?"

"வாங்கினேன்."

"அறிக்கையில் உள்ள கையெழுத்து உங்களுடையதா?"

"என்னுடையதுதான்."

"அன்றைக்கு எழுதியது உண்மையா, இன்றைக்குச் சொல்வது உண்மையா?"

"இன்றைக்குச் சொல்வது."

"அப்படியானால் நீங்கள் பொய்யான அறிக்கை கொடுக்கக்கூடியவர் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்?"

"ஆமாம். கொடுத்தேன்."

"மனுதாரர் தரப்பு உங்களுக்கு எவ்வளவு கொடுத்தார்கள்?"

பின் வரிசையிலிருந்து அக்காவின் குரல் கேட்டது: "வேட்டிய நனச்சதுதான் குடுத்தோம்." டவாலி அதட்டினார். நீதிபதி குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். சிரித்தாரா என்று தெரியவில்லை. நான் இறங்கி வந்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று வருடமாக நெஞ்சில் கிடந்த பாரம் அந்தக் கூண்டிலேயே இறங்கிவிட்டதும் தெரிந்தது.

அடுத்து அக்கா. சத்தியம் செய்தவுடனேயே, "சீக்கிரம் விட்டுடுங்க சார், வெளிய மீனு கெடக்குது" என்றாள். கம்பெனி வக்கீலுக்கு அவளைப் பார்த்ததும் தெம்பு வந்துவிட்டது.

"ஏலச் சீட்டு உங்க பேர்லதான இருக்கு? அப்ப மீன் உங்களுது?"

"கூறு போடற வரைக்கும் என்னுதுதான்."

அவர் திருப்தியோடு உட்கார்ந்தார். எங்கள் வக்கீலம்மா எழுந்தார். இந்தத் தடவை எதைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

"காசு யார் போட்டது?"

"நாலு பேரும்."

"அப்புறம் ஏன் உங்க பேர்ல மட்டும் ஏலம்?"

"நாலு பேரும் வாயத் தொறந்தா வெல ஏறிடாதா? எங்களுக்குள்ளயே போட்டி போட்டுக்கினு ஏலக்காரன் பாக்கெட்ட ரொப்பணுமா? நான் மட்டும் கேப்பேன். இவளுங்க மூணு பேரும் எனக்கு மீனே வேணாங்கற மாரி கடலப் பாத்துக்கினு நிப்பாளுங்க."

"கூறு போடறதுக்கு முன்னாடி இது என் மீன்னு இவங்க சொல்லலாமா?"

"சொன்னா கடைசிக் கூறு. அது எங்க கட்டுப்பாடு. எத்தினியோ பேரு அவசரப்பட்டு சொல்லி நசுங்குனத வாங்கிக்கினு போயிருக்காளுங்க. இவ பத்து வருசத்துக்கு மேல எங்கூட வரா, ஒரு நாளும் சொன்னதில்ல. கால் போன அன்னிக்கும் சொல்லல. இந்தக் கூண்டுல நிக்க வெச்சுக் கேட்டப்பவும் சொல்லல. அவளப் போயி ஓசில வந்தவன்றீங்க."

நீதிபதி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "வண்டி வாடகை யாரும்மா குடுத்தது?"

"நாலு பேரும் பிரிச்சுத்தான் சார். ஓசில ஏத்திக்கினு வர அவன் என்னா எங்க மாமனா, மச்சானா?"

இந்த முறை டவாலியே சிரித்துவிட்டார்.

தீர்ப்பு நாளன்று மார்க்கெட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு பெண்கள் கடையைப் போட்டது போட்டபடி வந்துவிட்டார்கள். வராந்தா முழுக்க மீன் வாடை. நீதிபதி முடிவை மட்டும் ஆங்கிலத்தில் வாசித்தார். நான்கு பேரும் கூட்டாக வாங்கிய மீனில் அவளுக்குப் பங்கு உண்டு, ஆகவே அவள் சரக்கின் சொந்தக்காரர், இன்சூரன்ஸ் கம்பெனி வட்டியோடு இழப்பீடு கொடுக்க வேண்டும். வக்கீலம்மா திரும்பிப் பார்த்துக் கண்ணைக் காட்டியதும் அக்கா விரலை வாயில் வைத்து விசிலடித்துவிட்டாள். எல்லாரையும் வெளியே அனுப்பினார்கள். அதைப் பற்றி அவர்களுக்குக் கவலையே இல்லை. வேப்பமரத்தடியில் ஒருத்தி இன்னொருத்தியின் முதுகில் அடித்துக்கொண்டு கூத்தாக இருந்தது. ஊன்றுகோலோடு நடுவில் நின்ற அவள் அழவில்லை. "கேட்டதுல எத்தினி பங்கு குடுத்திருக்காங்க?" என்று வக்கீலம்மாவிடம் கேட்டு, முக்கால் பங்குக்கு மேல் என்றதும், "அது போதும், சண்ட போடற அளவுக்கு ஒண்ணும் கொறையல" என்றாள். ஏலத்தில் விலை படிந்தவள் மாதிரி சொன்னாள்.

சில நாள் கழித்துத் தீர்ப்பின் நகல் கிடைத்தது. அவள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். வீட்டு வாசலில் பாயைப் போட்டிருந்தார்கள். இந்தத் தடவை உட்காரச் சொன்னார்கள். "மொத்தமும் தமிழ்ல சொல்லுங்க சார்" என்றாள். இருபத்து மூன்று பக்கம். வரி வரியாகச் சொன்னேன். ஒரு இடத்தில், இந்தச் சாட்சி தன் முந்தைய அறிக்கையில் மனுதாரரின் விளக்கத்தை மறைத்ததாகத் தானே ஒப்புக்கொண்டார், அந்தச் செயல் வன்மையாகக் கண்டிக்கத்தக்கது என்று எழுதியிருந்தது. நிறுத்தாமல் அதையும் சொல்லிக்கொண்டு போனேன்.

"இரு இரு" என்றாள் அக்கா. "அந்த எடத்த இன்னொரு தபா படி."

படித்தேன். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு வந்து மூன்றாவது தடவையும் படிக்கச் சொன்னாள். நாலாவது தடவைக்கு, "போதும் உடு அக்கா, தொண்ட காஞ்சிடும் பாவம்" என்று அவள்தான் தடுத்து, எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள்.

கம்பெனி மேல்முறையீடு போகலாம் என்று பயந்துகொண்டிருந்தோம். போகவில்லை. பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்டிவிட்டார்கள். என்னைத் தங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதாக ஒரு கடிதம் வந்தது. அது நியாயம்தான். அதன் பிறகு பழைய நோட்டுப் புத்தகங்களை எல்லாம் இறக்கி, அறிக்கைகளோடு வைத்துப் பார்த்தேன். இதே மாதிரி பாதியில் நிறுத்திய இடங்கள் இன்னும் இரண்டு கிடைத்தன. ஒன்று முடிந்துபோன வழக்கு. அந்தக் குடும்பம் ஊரை விட்டே போய்விட்டது, தேடியும் கிடைக்கவில்லை. இன்னொன்று இன்னும் நடக்கிறது. அந்த நோட்டையும் உரியவரிடம் கொடுத்துவிட்டேன். கூப்பிட்டால் போவேன்.

அவள் அந்தப் பணத்தில் செய்துகொண்ட முதல் காரியம் செயற்கைக் கால். ஈரத்தில் நின்றாலும் கெடாத கால் வேண்டும் என்று கேட்டு, இரண்டு இடத்தில் வேண்டாம் என்று திருப்பி, மூன்றாவது இடத்தில் போட்டுக்கொண்டாள். மணலில் நடந்து பழகவே மாதக்கணக்கில் ஆனது. மகள் சாயங்காலம் சாயங்காலம் கூட்டிக்கொண்டு நடப்பாளாம். பிறகு மறுபடி கடலூர் வண்டி ஏறினாள். இப்போது அவளுக்கு ஓட்டுநர் பக்கத்து இருக்கை என்று மற்ற மூன்று பேரும் தீர்மானம் செய்துவிட்டார்கள்.

நான் மார்க்கெட்டுக்குப் போன அன்று, அந்த வரிசையில் அவள் இடத்தில் பலகை இல்லை, அவளே இருந்தாள். நீட்டிய காலுக்கு அந்தப் பக்கம் சங்கரா, இந்தப் பக்கம் நெத்திலி. ஒரு ஓட்டல்காரரோடு விலைக்குச் சண்டை உச்சத்தில் இருந்தது. அக்கா என்னைப் பார்த்ததும் ஊருக்கே கேட்கிற மாதிரி, "சார் வந்துட்டாரு, எல்லாரும் பாத்துப் பேசுங்கடி!" என்றாள். வரிசை முழுக்கச் சிரிப்பு. "நேத்து ஏலத்துல இவளத்தான் வாயத் தொறக்க உட்டோம் சார். கேரளாக்கார யாவாரி ரெண்டு பேரு வெறும் வண்டியோட போனானுங்க" என்றாள். அவள் காதில் விழாதது போல ஓட்டல்காரரிடம் பேசிக்கொண்டிருந்தாள். ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

ஓட்டல்காரர் போனதும் என் பக்கம் திரும்பினாள். என்னை மன்னித்துவிட்டாளா என்று அவளிடம் கேட்க வேண்டும் என்று வைத்திருந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நின்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"அதெல்லாம் கேக்காதீங்க சார். எனக்கே தெரியல" என்றாள். "மீனு வேணுமா, சொல்லுங்க. பின்னாடி ஆளு நிக்குது."

ஒரு கிலோ சங்கரா வாங்கினேன். விலை குறைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டில் மனைவி மீனைத் திருப்பிப் பார்த்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, என்ன விலை என்று கேட்டாள். சொன்னேன்.

"நல்லா ஏமாத்திட்டா உங்கள" என்றாள்.

மீன் புதுசாக இருந்தது. அன்றைக்குக் குழம்பு இருந்த ருசிக்கு இரண்டு பேருக்கும் போதவில்லை.